நின்ற நிலையில் எடுத்த படம்

அத்தியாயம் பதினொன்று

சின்னவள் எறிந்த கார் சாவி மேஜையில் வழுக்கிப் போய்ச் சுவரில் முட்டிக் கீழே விழுந்தது.

“நார்மலாம்! சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போற மனுஷிக்கு முட்டி நார்மலாம்! அந்தக் கம்பெனி டாக்டர் கண்ணை எங்க கழட்டி வெச்சிருக்கான்?”

“கத்தாத. சாவி உன்னுதில்ல, டிரைவிங் ஸ்கூலோடது,” என்றாள் அத்தை.

அவன் குனிந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். எட்டு மாதமாக அந்த வீட்டில் அவன் செய்வது அதுதான். விழுந்ததை எடுத்து வைப்பான், வாயைத் திறக்க மாட்டான்.

அவன் மனைவியாக இருந்த பெரியவள் ஒன்பது நாள் காய்ச்சலில் போனாள். கல்யாணமானதிலிருந்தே அவளுடைய அம்மா வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். அவள் போன பிறகு அவன் கிளம்பவில்லை. கிளம்பு என்று அத்தையும் சொல்லவில்லை, மச்சினி சின்னவளும் சொல்லவில்லை. மூன்று தட்டு கழுவி வைக்கிற இடத்தில் நான்காவது மட்டும் கவிழ்த்தபடியே இருக்கிறது.

சலவை ஆலையிலிருந்து வந்த கடிதம் மூன்று நாளாக அந்த மேஜையில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடம் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை முன்னால் நின்றவள் அத்தை. இனி நிற்க முடியாது, கிழிசல் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். முட்டியின் எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் இல்லை, வேலை செய்ய மறுப்பது ஒழுங்கீனம், இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை, சரியான பதில் இல்லாவிட்டால் வேலை நீக்கம் என்று அந்தக் கடிதம் சொன்னது. எக்ஸ்ரேயின் நகல் ஒன்றும் கூடவே இணைத்திருந்தார்கள்.

அந்த எக்ஸ்ரேயை எடுத்தவன் அவன்.

ஸ்கேன் சென்டரில் படம் எடுப்பதுதான் அவன் வேலை. நகலைப் பார்த்த நொடியிலேயே மூலையில் இருந்த எழுத்துகள் கண்ணில் குத்தின. ‘நின்ற நிலை’.

அத்தை அன்று நிற்கவில்லை.

பெரியவள் போய் இருபது நாள் ஆகியிருந்தது. கண் வீங்கிய முகத்தோடு, கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, காலை இழுத்துக்கொண்டு அத்தை அவன் அறைக்கு வந்தாள். முட்டியை நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். உடம்பின் பாரம் இறங்கினால்தான் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பது தெரியும். படுத்தால் பாரம் போய்விடும். தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டு மாதிரி வாயைத் திறந்துகொண்டு படத்தில் விழும். இதைப் படிப்பின் முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவனுக்கு அவளை நிற்க வைக்க மனம் வரவில்லை. “படுத்துக்கோங்க அத்தை” என்றான். கம்ப்யூட்டரில் முட்டி என்று தொட்டாலே ‘நின்ற நிலை’ என்ற எழுத்து தானாக வந்து உட்காரும். படுக்க வைத்து எடுத்தால் அதை அழிக்க வேண்டும். அவன் அழிக்கவில்லை.

அவன் காட்டிய இரக்கம் இப்போது சலவை ஆலையின் கையில் சாட்சியாக இருந்தது. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

“கிளம்பலாம்,” என்றான். “ஏழரைக்கு எம்.ஆர்.ஐ. சொல்லி வெச்சிருக்கேன்.”

“ஊமைக் கோட்டான் பேசிடுச்சு,” என்றாள் சின்னவள். “எட்டு மாசம் முன்னாடியே இதை எடுத்திருக்கலாம்ல மாமா? வீட்டுக்குள்ளயே ஸ்கேன்காரரை வெச்சுக்கிட்டு அம்மா வலி பாம் தேய்ச்சுக்கிட்டிருக்கா.”

சின்னவள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் காரின் முன் இருக்கையில், அவள் பக்கத்தில் அவன் ஏறினான்.

“காலைப் பார்த்து வைங்க. அந்தப் பக்கமும் பிரேக் இருக்கு.”

*

எம்.ஆர்.ஐ. அறையில் இருப்பவனை எல்லோரும் காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் படிவத்தோடு வந்தான்.

“உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருக்காம்மா? ஆபரேஷன் பண்ணி வெச்சது, ஆணி, கம்பி?”

“ரெண்டு பல்லு கட்டினது இருக்கு. கழட்டித் தரவா?”

“வேண்டாம்மா, முட்டிக்குப் பல்லு இல்ல.”

“என் முட்டிக்கு இருக்கு. நாள் பூரா கடிக்குது.”

காந்தம் சிரித்தான். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள். இடது முட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூண்டை மாட்டினார்கள். பலகை உள்ளே போனது. இருபத்தைந்து நிமிடம் இயந்திரம் தகரத்தைத் தட்டுவது மாதிரி தட்டியது.

படங்களை ஸ்கேன் சென்டரின் டாக்டரம்மா பார்த்தாள். ஊரில் இருக்கிற எலும்பு டாக்டர்கள் பாதிப் பேர் அவள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பார்கள். எரிந்து விழுவாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“இங்க வா. இது வெளிப்பக்கம். எலும்பு மேல சாம்பல் நிறத்துல பட்டை தெரியுதா? அதுதான் குருத்தெலும்பு. இருக்கு. இப்போ உள்பக்கம் பாரு. பட்டை எங்க?”

இல்லை. கறுத்த எலும்பின் மேல் கறுத்த எலும்பு உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே எலும்புக்குள் வெள்ளை வெள்ளையாக வீக்கம். நடுவில் இருக்க வேண்டிய ஜவ்வு நைந்து, பிதுங்கி வெளியே வந்திருந்தது.

“எலும்புக்குள்ள சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கு. ஓரத்துல முள்ளு மாதிரி வளர்ந்திருக்கு. எத்தனை வருஷம்னு படம் கணக்குச் சொல்லாது. ஆனா ஏழெட்டு மாசத்துல வர்ற தேய்மானம் இது இல்ல. அதை நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சரி, இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு?”

“வலது காலால பெடலை மிதிக்கணும் டாக்டர். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு தடவை. அப்போ முழு உடம்பும் இடது கால்லதான் நிக்கும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு?”

“எண்ணூறு, தொள்ளாயிரம்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு பழைய எக்ஸ்ரேயைத் திரையில் போட்டாள்.

“அப்போ இது என்ன கூத்து? எட்டு மாசம் முன்னாடி நின்னு எடுத்த படத்துல இவ்வளவு இடைவெளி எப்படி?”

அவன் கண் படத்தின் மூலைக்குப் போனது.

“மூலையில ஆபரேட்டர்னு உன் எழுத்துதானே இருக்கு? நின்னுதான் எடுத்தியா?”

“இல்ல டாக்டர்.”

அவள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. குரலை இறக்கினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

“ஒரு மணி நேரம் உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறேன். மூலையில எழுதியிருக்கிறதை மட்டும் சந்தேகப்பட மாட்டேன். ஏன்னா அதை எழுதறவன் படம் எடுத்த இடத்துலயே நின்னவன். நீ அதுல பொய் எழுதினா நான் எதைப் பார்த்து என்ன சொல்றது? இந்தக் கட்டடத்தையே இழுத்து மூடிடலாம்.”

“அழிக்க மறந்துட்டேன்.”

“மறந்தியா, பரவாயில்லைன்னு விட்டியா?”

அவன் யோசித்தான். நியாயமான கேள்விதான்.

“விட்டேன்.”

“போ. இப்பவே அவங்களைப் படுக்க வெச்சு ஒண்ணு எடு, நிக்க வெச்சு ஒண்ணு எடு. பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கொண்டு வா. நீயே எடு. நீயே நிக்க வை.”

படுத்த படம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அடுத்தது, சுவரோரமிருந்த சின்ன மேடையில் அத்தை ஏற வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாரத்தை எல்லாம் கையில் வாங்கி நின்றாள்.

“கம்பியை விடுங்க அத்தை. பாரத்தை கால்ல போடுங்க.”

“விட்டா விழுந்துடுவேன் மாப்பிள்ளை.”

“விழ மாட்டீங்க. மூச்சைப் பிடிச்சு நில்லுங்க. அசையாதீங்க.”

அவள் விட்டாள். மேலுதட்டில் வியர்வை பொடித்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவன் பொத்தானை அழுத்தினான். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் நான்கு விநாடி வலித்திருக்கும். செய்யாமல் விட்டதற்கு எட்டு மாதம் அந்த உருளை முன்னால் நின்றாள்.

தனக்கு வந்தது என்ன என்று தெரிய அவனுக்குச் சிறிது நேரம் பிடித்தது. கோபம். பெரியவள் போன நாளிலிருந்து அவனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இப்போது வந்தது. கம்பெனி டாக்டர் மேல் வந்தது, அந்தப் பெடல் மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் தன் மேலேயே வந்தது.

திரையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. படுத்ததில் இடைவெளி இருந்தது, அச்சு அசல் பழைய படம் மாதிரி. நின்றதில் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள். “நான் பார்த்ததை எழுதிட்டேன். ஆனா அவங்க சுலபமா கேட்பாங்க: ‘எட்டு மாசம் முன்னாடி நின்னப்போ நல்லா இருந்தது, அப்புறம் வீட்ல எங்கயோ விழுந்திருக்கா’ன்னு. அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல. உன்கிட்டதான் இருக்கு. எழுதிக் கொடுத்தா நம்ம மேனேஜர் உன்னைச் சும்மா விட மாட்டார். தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்போ பேனாவை எடு.”

*

இரண்டரை மணிக்கு மூவரும் மறுபடியும் காரில் இருந்தார்கள். அவன் சட்டைப் பையில் ஒரு கடிதம். ஸ்கேன் சென்டரின் தாளில் நான்கு வரிதான்.

சின்னவளுக்கு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கையில் வந்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் காற்றைக் குத்தினாள்.

“இதை எடுத்து அந்த டாக்டர் மூஞ்சி முன்னால நீட்டறேன். படிடா, வாய் விட்டுப் படிடான்னு.”

“நீ வெளியில இருக்கப் போற,” என்றாள் பின்னாலிருந்து அத்தை. “உன்னை உள்ள விட்டா எனக்கு வேலை போறதுக்கு முன்னாடி உன் லைசென்ஸ் போயிடும்.”

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. அவன் சொன்னான். மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். படுக்க வைத்து எடுத்தது. எழுத்தை அழிக்காமல் விட்டது. இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டது.

முன்னால் போன லாரியின் பின்விளக்கு எரிந்து அணைந்தது.

“நீங்களா?” என்றாள் சின்னவள். “மூணு நாளா நான் ஊர்ல இருக்கிறவனை எல்லாம் திட்டறேன். பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு சாவியை எடுத்து எடுத்து வைக்கிறீங்க. நீங்களா மாமா?”

“நான்தான்.”

“அக்கா இருந்திருந்தா உங்களை—”

“நிறுத்துடி,” என்றாள் அத்தை. “மாப்பிள்ளை, அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போடுங்க.”

“முடியாது அத்தை.”

“எனக்குத் தெரியாதா? நான் படுத்திருந்தது எனக்குத் தெரியாதா? போன மாசம் முதல் விசாரணையில அந்த அதிகாரி கேட்டான், ‘படம் எடுக்கறப்போ நின்னீங்களா, படுத்தீங்களா’ன்னு. நின்னுதான் எடுத்தாங்கன்னு சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டான்.”

அவன் கால் தானாக அழுந்தியது.

கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. பின்னால் மூன்று வண்டி ஹாரன் அடித்தது. ரிப்போர்ட் சின்னவள் மடியிலிருந்து கீழே விழுந்தது.

“காலை எடுங்க!” என்று அவள் கத்தினாள். “பிரேக் இருக்குன்னு சொன்னேனா இல்லையா!”

அவன் பின்னால் திரும்பியிருந்தான். “ஏன் அத்தை? ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“படுத்தேன்னு சொன்னா அடுத்து என்ன கேட்பான்? எடுத்தது யாருன்னு கேட்பான். என் வாயால உங்க பேரைச் சொல்லச் சொல்றீங்களா?”

“சொல்லியிருக்கணும்!”

அந்தக் குரல் யாருடையது என்று மூவருக்குமே ஒரு விநாடி சந்தேகம். எட்டு மாதத்தில் அவன் குரல் அந்த உயரத்துக்குப் போனதில்லை.

“உங்களை யார் கேட்டா என்னைக் காப்பாத்தச் சொல்லி? நான் கேட்டேனா? முட்டியில எலும்பு எலும்போட உரசுது. அதோட போய் தினம் நின்னுட்டு வந்து, வீட்ல என் தட்டுல சோறு போட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம—”

“நீங்க மட்டும் சொன்னீங்களா?” அத்தையும் குரலை உயர்த்தினாள். “ஒருத்தியைப் பறிகொடுத்துட்டேன். உங்களையும் வேலை இல்லாம வீட்ல உட்கார வெச்சுப் பார்க்கணுமா நான்? சுவத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. அந்த வேலை ஒண்ணுதான் உங்களைக் காலையில எழுப்பி விடுது. அதையும் பிடுங்கச் சொல்றீங்களா?”

பின்னாலிருந்த வண்டிக்காரன் ஒதுங்கிப் போகும்போது ஜன்னலோரம் வந்து ஏதோ திட்டினான். சின்னவள் கண்ணாடியை இறக்கி, அவன் திட்டியதைவிட நல்லதாக ஒன்று திருப்பிக் கொடுத்து, கண்ணாடியை ஏற்றினாள்.

“முடிஞ்சுதா? இவர் இரக்கப்பட்டுப் பொய் எழுதுவார். நீ இரக்கப்பட்டுப் பொய் சொல்லுவ. நடுவுல அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வேலையும் செய்யாம ஜெயிப்பான். எதிரிக்கு வெளியில ஆள் பிடிக்கவே வேண்டாம், நம்ம வீடே போதும்.”

கியரைப் போட்டாள்.

“மாமா. இப்போ அந்தக் கடிதத்தைக் கொடுத்தா அம்மா சொன்னது பொய்னு ஆயிடும். கொடுக்கலைன்னா அம்மாவுக்கு முட்டியே நல்லா இருக்குன்னு ஆயிடும். எது வேணும்?”

பதிலுக்குக் காத்திராமல் ஆலை வாசல் வரை ஓட்டினாள்.

*

விசாரணை மாடியில். லிஃப்ட் உண்டு, துணி மூட்டைக்கு மட்டும். முட்டி நல்லா இருக்கிறதா என்று விசாரிக்க, முட்டி போனவளை இருபத்திரண்டு படி ஏற்றினார்கள். அத்தை ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலைத் தூக்கிச் சேர்த்தாள். அவன் கை கொடுத்தான். அவள் கைப்பிடிச் சுவரையே பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டுக் கண்ணாடி வழியாகக் கீழே உருளைகள் தெரிந்தன. ஆவி. வரிசையாகப் பெண்கள். எல்லோரும் ஒரு கால் தூக்கி, ஒரு காலில் நின்றார்கள். கொக்குக் கூட்டம் மாதிரி இருந்தது. ஒரு நாற்காலிகூடக் கண்ணில் படவில்லை.

மேலே நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் நிர்வாக அதிகாரி, இன்னொன்றில் கம்பெனி டாக்டர். எதிரில் ஒன்று, அத்தைக்கு. அவன் சாட்சி என்பதால் நின்றான்.

கம்பெனி டாக்டர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் புரட்டினான். “தேய்மானம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எட்டு மாசம் முன்னாடி நின்ன நிலையில எடுத்த படத்துல இடைவெளி சரியா இருக்கே? அப்போ இது அதுக்கப்புறம் வந்தது. வீட்ல எங்கயாவது விழுந்தீங்களாம்மா?”

டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தைகள். அவனுக்குச் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது. காலையில் எடுத்த இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தான். கடிதத்தை அவற்றின் மேல் வைத்தான்.

“ரெண்டும் இன்னைக்கு எடுத்தது, ஒரே முட்டி. இது படுத்து, இது நின்னு. உங்க கையில இருக்கிற பழைய படம் எதோட ஒத்துப்போகுதுன்னு பாருங்க. அதை எடுத்தவன் நான். படுக்க வெச்சு எடுத்தேன். நின்ற நிலைன்னு இருந்ததை அழிக்காம விட்டது என் தப்பு.”

டாக்டர் படங்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். இடதிலிருந்து வலது. மறுபடியும் வலதிலிருந்து இடது. பிறகு அவற்றை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

அதிகாரி பேசினார். கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “போன மாசம் இவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. ‘நின்றுதான் எடுத்தார்கள்.’ இப்போ மாப்பிள்ளை படுத்துன்னு சொல்றார். யாரோ ஒருத்தர் பொய் சொல்றீங்க. அது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் எழுதிக்கறேன்.”

அத்தை மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நான்தான்,” என்றாள். “நான் சொன்னது பொய். அன்னைக்கு நான் படுத்திருந்தேன். படுத்த உடனே தூங்கிட்டேன். என் பொண்ணு செத்து இருபது நாள். அதுவரைக்கும் கண்ணை மூடல. அந்த இரும்பு மேஜையிலதான் முதல்ல தூங்கினேன். வெளியில அத்தனை பேர் காத்திருக்க, இவர் என்னை எழுப்பல. அந்தத் தூக்கத்துக்காகப் பொய் சொன்னேன். எழுதிக்கோங்க. ஆனா என் முட்டி பொய் சொல்லல. அதையும் எழுதுங்க.”

அதிகாரியின் பேனா நின்றது.

அவள் கால் நடுங்குவது அவனுக்குத் தெரிந்தது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்தான். “உட்காருங்க அத்தை.”

“வேண்டாம் மாப்பிள்ளை. இந்தத் தடவை நிக்கறேன். நல்லா பார்த்துக்கட்டும்.”

அவள் மேஜையிலிருந்து கையையும் எடுத்துவிட்டாள். அதிகாரி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தான். கீழே சின்னவள் பொறுமை தீர்ந்து ஹாரனை அடிப்பது மாடி வரை கேட்டது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். மேஜை போனை இழுத்து, கடிதத்தின் தலைப்பில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

“ஸ்கேன் சென்டரா? மேனேஜரைக் கொடுங்க... வணக்கம் சார். உங்க ஆள் ஒருத்தர் இங்க ஒரு கடிதம் கொடுத்திருக்கார். இதை எடுத்துக்கலாமா, இல்ல ஆளே உங்க ஆள் இல்லைன்னு சொல்லப் போறீங்களா, அதைக் கேட்கத்தான்.” சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரை அவன் பக்கம் நீட்டினார். “உங்ககிட்டதான் பேசணுமாம்.”

அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் கை நீட்டி வாங்கினான்.